வனாந்தரத்தில் பேசுவது யார்?

எகிப்தில், செங்கடலுக்கு அருகிலுள்ள வறண்ட மலையொன்றில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி ஒருவரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று அழைக்கிறார்கள். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் காட்டும் இடத்தில் வனம் எதுவும் இல்லை. பாறை, மணல், மலையடியில் ஒரு சுனை, கவனிப்பாரற்று நின்ற சில பேரீச்ச மரங்கள், அவ்வளவுதான். பழைய தமிழ் வேதாகமமும் இதே வழியில்தான் போயிருக்கிறது. எபிரேயத்தில் 'மித்பார்' என்றும் கிரேக்கத்தில் 'எரேமோஸ்' என்றும் வருவதை அது 'வனாந்தரம்' என்று பெயர்த்தது. முன்னது மழை குறைந்த மேய்ச்சல் நிலம். பின்னது ஆளில்லாத இடம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பல இடங்களில் 'பாலைநிலம்' என்ற சொல்லுக்கு மாறியது.

இது வெறும் சொல் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. வனாந்தரத்துக்குப் போகிறவர் நிழலையும் பறவைக் குரலையும் எதிர்பார்த்துப் போவார். பாலைக்குப் போகிறவர் பசியையும் பேயையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கும். அந்தோணியார் எதிர்கொண்டவை பின்னவைதான்.

சந்தடியை விட்டு மலைக்கோ ஆற்றங்கரைக்கோ ஒதுங்கி அமைதியாக உட்காரும் கிறிஸ்தவருக்கு அங்கே கிடைப்பது என்ன? கடவுளைப் பற்றிய புதிய அறிவா, ஏற்கெனவே அறிந்ததன் தெளிவா, அல்லது களைத்த மனம் ஓய்ந்ததன் சுகமா? ஏறக்குறைய 17 நூற்றாண்டுகளாக இதற்குப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அந்தப் பதில்களை அவை பிறந்த இடத்தோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலிலேயே ஒன்றை ஒதுக்கிவிடலாம். படைப்பைக் காட்டிப் படைத்தவரை நிறுவும் தர்க்கம் வேறு விஷயம். தாமஸ் அக்வினாசின் ஐந்து வழிகளும், 1802இல் வில்லியம் பேலி சொன்ன கடிகார உவமையும், பகுத்தறிவின் இயல்பான ஒளியால் கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டதும் அந்த வகை. அதற்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய தேவைகூட இல்லை. இங்கே பேசப்படுவது வாதம் நின்றுபோன பிறகு என்ன நடக்கிறது என்பது.

வேதாகமம் என்ன சொல்கிறது

இயற்கைத் தியானத்துக்கு ஆதரவாக அடிக்கடி எடுக்கப்படும் வேதப் பகுதிகள், கூர்ந்து படித்தால், எதிர்பார்த்த அளவுக்கு உதவுவதில்லை. மாலையில் ஈசாக்கு வெளியே போய் நின்ற காட்சி (ஆதியாகமம் 24) தமிழ்ப் பிரசங்கங்களில் செல்லமான ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு அவர் தியானம் செய்யப் போனதாகச் சொல்கிறது. ஆனால் மூலத்தில் உள்ள வினைச்சொல்லின் பொருள் உறுதியாகத் தெரியாது. உலாவப் போனார் என்று கொள்பவர்களும் உண்டு.

19ஆம் சங்கீதத்தில் வானம் கடவுளின் மகிமையை எடுத்துரைக்கிறது. அடுத்த மூச்சிலேயே, அதற்குப் பேச்சில்லை, அதன் ஓசை கேட்பதில்லை என்றும் கவிஞர் சொல்லிவிடுகிறார். பாடலின் பின்பாதி வானத்தை விட்டுவிட்டுத் திருச்சட்டத்துக்குப் போகிறது. ரோமர் முதல் அதிகாரத்தில், படைப்பின் வழியே கடவுளின் வல்லமை தெரிகிறது என்கிற பவுல், அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. தெரிந்தும் வணங்காத மனிதருக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை என்பதே அவர் வாதம். யோபுவின் 38 முதல் 41 வரையான அதிகாரங்களில் தீக்குருவியும் பருந்தும் லிவியாதானும் அணிவகுத்து வருகின்றன. ஆனால் யோபு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஓரேப் மலையில் எலியா நின்ற நிகழ்ச்சி (1 இராஜாக்கள் 19). காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் கடவுள் இல்லை. பிறகு வந்த மெல்லிய ஓசையில் அவர் பேசினார் என்பதோடு பிரசங்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். கதை அங்கே முடியவில்லை. அந்த ஓசைக்கு முன்பு கடவுள் கேட்ட அதே கேள்வியைப் பின்பும் கேட்கிறார். எலியாவும் முன்பு சொன்ன அதே புலம்பலை எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொல்கிறார். மெல்லிய ஓசை அவர் மனத்தை மாற்றியதாக நூலாசிரியர் எங்கும் சொல்லவில்லை. கடவுள் செய்தது, அவரை வந்த வழியே திருப்பி அனுப்பி, மூன்று பேரை அபிஷேகம் பண்ணும் வேலையைக் கொடுத்ததுதான். இயேசுவைப் பற்றி மாற்கு சொல்வதும் இதை ஒட்டியே இருக்கிறது. விடியுமுன் எழுந்து ஆளில்லாத இடத்தில் ஜெபித்தார். சீடர்கள் தேடி வந்தார்கள். அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். அங்கே என்ன கேட்டார், என்ன உணர்ந்தார் என்று ஒரு சொல்கூட இல்லை.

தமிழ் அகமரபில் பாலை பிரிவுக்குரிய நிலம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஓசேயா தீர்க்கதரிசியின் நூலில் அது தலைகீழாகிறது. விலகிப்போன மனைவியைக் கணவன் அழைத்துப்போய் நெஞ்சோடு பேசும் இடம் அங்கே பாலைதான்.

புத்தகம் என்ற உருவகம்

அந்தோணியாரிடம் ஒரு தத்துவவாதி, நூல்கள் இல்லாமல் எப்படிக் காலம் கழிக்கிறீர் என்று கேட்டாராம். படைப்புகளின் இயல்பே என் புத்தகம்; விரும்பும்போதெல்லாம் அது கையில் இருக்கிறது என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக, பாலைத் துறவி எவாக்ரியுஸ் (345–399) வழியாகத் தெரிய வருகிறது. 'இயற்கை ஒரு நூல்' என்ற உருவகத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று இது. ஆனால் அத்தனாசியாரின் அந்தோணியார், ஆலயத்தில் வாசிக்கப்பட்ட வேதத்தை ஒன்றும் சிந்தாமல் நினைவில் வாங்கிக்கொண்டவர். புத்தகம் இல்லாமல் அவர் பாலைக்குப் போகவில்லை. அதை நெஞ்சில் வைத்திருந்தார்.

எவாக்ரியுஸ் இதை ஒரு படிமுறையாகவே வகுத்தார். முதலில் தீய எண்ணங்களோடு போராடி மனத்தைத் தூய்மையாக்க வேண்டும். அதன் பின்னரே படைப்புகளைக் காணும் காட்சி கிடைக்கும். அதற்கும் மேலே கடவுளை அறிதல். இந்த வரிசையில் இயற்கை நடுவில் நிற்கிறது. தொடக்கநிலையினர் நேராக அங்கே போய் உட்கார முடியாது. மதிய வேளையில் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றச் செய்து, துறவியை எழுந்து ஓடத் தூண்டும் சோர்வுப் பேயைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், தனிமையைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இருக்கவில்லை என்பது விளங்கும். 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் இதற்கு ஆழமான அடித்தளம் இட்டார். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அதற்கான ஒரு சொல், ஓர் உட்பொருள் இருக்கிறது. அவையெல்லாம் கிறிஸ்துவாகிய ஒரே வார்த்தையில் இணைகின்றன என்றார். கிழக்கத்திய திருச்சபைகள் இன்றும் இந்த வழியில்தான் பேசுகின்றன. இதன் பலவீனமும் வெளிப்படையானது: கிறிஸ்துவை ஏற்கெனவே நம்புகிறவருக்கு மட்டுமே அந்த எழுத்துகள் வாசிக்கக் கூடியவை.

மேற்கில் அகஸ்டின் வேறு பக்கம் திருப்பினார். தம் 'அறிக்கைகள்' நூலின் 10ஆம் புத்தகத்தில் பூமியையும் கடலையும் விசாரிக்கிறார்; நாங்கள் கடவுள் அல்ல என்று அவை சொல்ல, தேடலை மனத்துக்குள் கொண்டுபோகிறார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் சென்ற பின், 1336 ஏப்ரல் 26 அன்று வான்தூ மலை உச்சியில் நின்ற பெட்ரார்க், கையிலிருந்த அதே 10ஆம் புத்தகத்தைத் திறந்தாராம். மலைகளை வியந்துகொண்டு தம்மை மறந்துவிடும் மனிதரைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டதும் வெட்கி இறங்கிவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதம் பல ஆண்டுகள் கழித்துச் செதுக்கி எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், இயற்கையின் அழகு ஆன்மாவின் கவனத்தைத் திருடிவிடும் என்ற ஐயம் கிறிஸ்தவத்துக்குள் எவ்வளவு மதிப்போடு இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரு நகைச்சுவை, ஒரு நோயாளி

12ஆம் நூற்றாண்டின் கிளேர்வோ மடத் தலைவர் பெர்நார்து, நூல்களைவிட மரங்களும் கற்களும் அதிகம் கற்றுத்தரும் என்று ஹென்றி மர்டாக் என்ற அறிஞருக்கு எழுதியது புகழ்பெற்றது. ஓக் மரங்களும் பீச் மரங்களுமே என் ஆசிரியர்கள் என்று அவர் சொன்னதும் அப்படித்தான். இரண்டாவதை நமக்குப் பதிவுசெய்து தந்த, பெர்நார்தின் வரலாற்றை எழுதிய வில்லியம், நண்பர்களிடையே அவர் வேடிக்கையாகச் சொல்லும் பேச்சு அது என்று சேர்த்தே எழுதியிருக்கிறார். இன்று அந்த வாக்கியம் மட்டும் அட்டைகளில் அச்சாகிறது. வேடிக்கை என்ற குறிப்பு உதிர்ந்துவிட்டது. பெர்நார்து தம் காலத்தின் மிகப்பெரிய வேத விரிவுரையாளர்களில் ஒருவர். அவர் சபையினரான சிஸ்டேர்சியர்கள் ஆளற்ற காட்டைத் தேடிப்போய், அங்கே மரத்தை வெட்டிச் சதுப்பை வடித்து வயலாக்கியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அசிசி பிரான்சிஸ் பற்றிய பொதுக் கற்பனைக்கும் இதே சிகிச்சை தேவைப்படுகிறது. சூரியனைச் சகோதரன் என்று அழைக்கும் அவருடைய துதிப்பாடல் 1225இல் சான் தமியானோவில் உருவானது. அப்போது அவர் கண்நோயால் ஏறக்குறைய பார்வை இழந்திருந்தார். வெளிச்சமே வேதனையாக இருந்தது. சூரிய உதயத்தைப் பார்த்துப் பரவசப்பட்டவரின் பாடல் என்று அதை வாசிப்பது தவறாகிவிடும். காண முடியாத ஒருவர், இருட்டறையில், நினைவிலிருந்து எழுப்பிய துதி அது. அவர் தனிமைக்கு வகுத்த சிறு விதியும் கவனிக்கத்தக்கது. மூன்று, நான்கு பேராகவே போக வேண்டும். சிலர் தாய்களாக இருந்து கவனித்துக்கொள்ள, மற்றவர் பிள்ளைகளாக ஜெபத்தில் இருக்க வேண்டும். பிறகு பொறுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். முற்றிலும் தனியே போய் உட்காருவதை அவர் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

மூக்குக்கண்ணாடியும் ஒரு மறுப்பும்

சீர்திருத்த மரபில் கால்வினின் நிலைப்பாடு இருமுனை கொண்டது. உலகம் கடவுளின் மகிமையைக் காட்டும் நாடக அரங்கு என்கிறார். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம் பார்வை மங்கிப்போய்விட்டது என்றும் சொல்கிறார். வேதம் என்ற மூக்குக்கண்ணாடி இருந்தால்தான் எழுத்துகள் தெளியும். 18ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் அந்தக் கண்ணாடியோடு காட்டுக்குள் போனார். முன்பு நடுங்க வைத்த இடிமுழக்கம் மனமாற்றத்துக்குப் பின் இனிமையாகக் கேட்டது என்று எழுதினார். சிலந்தி, பட்டுப்புழு, நதி என ஒவ்வொன்றிலும் வேத உண்மைகளின் நிழலைத் தேடிய குறிப்பேட்டையும் நிரப்பினார். அது 1948இல்தான் அச்சேறியது. அவருடைய வாசிப்பில் அழகும் உண்டு, ஆபத்தும் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே தெரிந்த கோட்பாடே திரும்பி வருமென்றால், பார்ப்பது எதற்கு?

19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் துணிவு வந்தது. எமர்சன் 1832இல் பாஸ்டனில் தம் போதகர் பணியை விட்டு விலகி, 1836இல் 'இயற்கை' நூலை வெளியிட்டார். ஜான் மியூர் கலிபோர்னியாவின் மலைகளைக் கோயில் என்றார். மியூர் சிறுவயதில் தந்தையின் கண்டிப்பில் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மனப்பாடம் செய்தவர். அவருக்குப் பின்வந்தவர்கள் காட்டின் அமைதியே போதும் என்று நம்பியபோது, அந்த அமைதிக்கு அவர் கொண்டுபோயிருந்த மொழியைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. மௌனம் தானாகவே ஞானம் தரும் என்ற எண்ணம் பழமையானது போல ஒலிக்கிறது. உண்மையில் அது இந்த நீண்ட வரலாற்றின் கடைக்குட்டி.

அதற்கு மிகக் கடுமையான பதில் 1934இல் வந்தது. இயற்கைக்கும் அருளுக்கும் ஏதோ ஒரு தொடுபுள்ளி இருக்க வேண்டும் என்று இறையியலாளர் எமில் புரூன்னர் எழுத, சக இறையியலாளர் கார்ல் பார்த் 'இல்லை!' என்ற தலைப்பிலேயே மறுப்பு வெளியிட்டார். கடவுளை அறிய இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு வாசல் கிடையாது என்பது அவர் வாதம். இரத்தத்திலும் மண்ணிலும் இனத்திலும் கடவுளின் குரலைக் கேட்டதாகச் சொன்ன 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' ஹிட்லரின் பக்கம் நின்ற ஆண்டு அது. அவர்களை எதிர்த்த பார்மன் அறிக்கையும் அதே ஆண்டுதான். 'மண் பேசுகிறது' என்ற சொல் என்னென்னவற்றுக்கு இடம்கொடுக்கும் என்பதைப் பார்த் நேரில் கண்டார். பின்னர், இயற்கை இறையியலை வளர்க்கவென்றே நிறுவப்பட்ட கிஃபர்ட் சொற்பொழிவுகளை அபர்தீனில் நிகழ்த்த ஒப்புக்கொண்டு, அங்கே போய் இயற்கை இறையியலை மறுத்துப் பேசினார் என்பது அவர் குணத்துக்குப் பொருத்தமானது. அதே சொற்பொழிவுத் தொடரில் 1991இல் ஜேம்ஸ் பார், வேதாகமமே இயற்கை இறையியலைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்று வாதாடினார். பார்த்தின் அச்சம் நியாயமானது. படைப்பைப் பாடும் 104ஆம் சங்கீதத்தை அவர் முறையில் வாசிப்பது மட்டும் இன்னும் கடினமாகவே இருக்கிறது.

இரண்டு ஆறுகள்

கோட்பாடுகளைவிட இரண்டு மனிதர்களின் அனுபவம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது.

முதலாமவர் இலொயோலா இஞ்ஞாசியார். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் ஓர் ஆலயத்துக்கு நடந்துபோகும் வழியில், கீழே ஓடும் கார்தோனெர் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தார். காட்சி எதுவும் தோன்றவில்லை. ஆனால் அறிவின் கண்கள் திறந்து, விசுவாசத்தையும் கல்வியையும் சார்ந்த பல காரியங்கள் விளங்கின. வாழ்நாள் முழுதும் பெற்ற அறிவைச் சேர்த்தாலும் அந்த ஒரு நேரத்துக்கு ஈடாகாது என்று முதுமையில் சொன்னார். ஆற்றைப் பற்றி எதுவும் அவர் சொல்லவில்லை. தண்ணீர் எதற்கும் உவமையாகவில்லை. ஆறு அங்கே என்ன செய்தது? கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்து மனத்தை விடுவித்ததா? அல்லது அது வெறும் இருக்கையா? அவர் எழுத்திலிருந்து இதற்கு விடை எடுக்க முடியாது. தெரிவது இதுதான்: இவ்வளவு பெரிய தெளிவு பெற்றவர், உள்ளே எழும் எல்லாத் தெளிவும் கடவுளிடமிருந்து வருவதில்லை என்று எச்சரித்து, 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் ஆவிகளைப் பகுத்தறியும் விதிகளை எழுதிவைத்தார். தமிழ் இயேசு சபையினர் 'தெளிந்து தேர்தல்' என்று சொல்வது அதைத்தான். ஆறுதல்போல் வருவதும் ஏமாற்றலாம். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் பிரான்சிலிருந்து வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்ரி லெ சோ. 1950இல் ஜூல் மோன்ஷானெனுடன் சேர்ந்து, குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். சாந்திவனம் என்பதும் அதுவே. 1952 முதல் திருவண்ணாமலைக் குகைகளில் நீண்ட மௌனத்தில் இருந்தார். அங்கே அவர் அடைந்த அனுபவம் அத்வைதத்தின் மொழியில்தான் பேசியது. திரித்துவத்தை நம்பும் திருப்பலிக் குரு ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு வாழ்ந்து, கடைசி ஆண்டுகளைக் கங்கைக் கரையில் கழித்து, 1973இல் இறக்கும்வரை அவர் திருப்பலியையும் விடவில்லை, அந்த அனுபவத்தையும் மறுக்கவில்லை. மோன்ஷானென் இந்த வழியில் அவ்வளவு தூரம் போகத் தயங்கினார்.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. மௌனம் உண்மையான எதையோ தருகிறது. ஆனால் அதற்குப் பெயரை அது எழுதித் தருவதில்லை. இஞ்ஞாசியார் பெயரைக் கத்தோலிக்க விசுவாசத்திலிருந்து எடுத்தார். லெ சோவுக்கு இரண்டு அகராதிகள் இருந்தன.

மனத்தின் ஓய்வு

உளவியல் இன்னொரு பதிலை வைத்திருக்கிறது. 1984இல் ராஜர் உல்ரிச் வெளியிட்ட சிறிய ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்த 46 நோயாளிகளில், ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். ரேச்சல், ஸ்டீபன் காப்லன் இணையரின் 1989ஆம் ஆண்டு நூல், இயற்கை நம் கவனத்தை வலிந்து பிடிக்காமல் மெல்ல ஈர்ப்பதால் களைத்த கவனம் மீள்கிறது என்றது. 2015இல் வந்த ஓர் ஆய்வு, 90 நிமிடம் மரங்களிடையே நடந்தவர்களுக்கு ஒன்றையே நினைத்து உழலும் போக்கு குறைந்ததாகச் சொன்னது.

இதில் விசுவாசிகள் பதற்றப்பட வேண்டியது ஏதுமில்லை. மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் குடியேறியதே, சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்துதான். உடல்நலம் முதலில், ஜெப முகாம்கள் பிறகு. ஓய்ந்த மனம் எதைக் கேட்டது, அது சரிதானா என்பதை மட்டும் இந்த ஆய்வுகள் தொடுவதில்லை. தொடுவதாக அவை சொல்லிக்கொள்வதும் இல்லை.

தவளையும் கடலும்

எல்லா நிலைப்பாடுகளும் தடுமாறும் இடம் இயற்கையின் கொடுமை. ஆனி டில்லர்டின் 1974ஆம் ஆண்டு நூல், வர்ஜீனியாவின் ஓர் ஓடைக்கரையைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே நீர்ப்பூச்சி ஒன்று தவளையின் உள்ளுறுப்புகளைக் கரைத்து உறிஞ்ச, தவளை வெறும் தோலாகச் சுருங்குகிறது. அந்தப் பக்கத்தைக் கடவுளின் புத்தகத்தில் எங்கே வைப்பது என்று அவர் விடாமல் கேட்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது தவளையோடு நிற்காது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த திருப்பயணிகள் பலரை அலை கொண்டுபோனது. அதே கடலைப் பார்த்துக்கொண்டு அமைதி வேளை கழித்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். முந்தைய நாள் கடல் சொன்னது கடவுளின் குரல் என்றால் அடுத்த நாள் சொன்னது யாருடையது? கால்வின் மரபு கடவுளின் மறைந்த சித்தம் என்ற பதிலைத் தரும். கீழைத் திருச்சபை விழுந்துபோன படைப்பு என்று சொல்லும். பார்த் ஒருவேளை, கடலிடம் கேட்கவே வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்பார். மூன்றும் அலையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் சொல்லத்தக்க பதில்கள்தாமா என்பது வேறு கேள்வி. இயற்கையின் இனிய பக்கங்களை மட்டும் வாசிக்கும் தியான நூல்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அது அவற்றின் பெரிய குறை.

தீராதவை

இந்த வரலாற்றில் நம்பத்தக்க சாட்சிகள் எனப்படுவோர் ஒரு விதத்தில் ஒத்துப்போகிறார்கள். எவரும் வெறுங்கையோடு போகவில்லை. திரும்பி வந்தபின் தம் தெளிவைப் பிறர் முன் வைக்க மறுக்கவும் இல்லை. அந்தோணியாரின் நினைவில் வேதம் இருந்தது, பிரான்சிஸுடன் சகோதரர்கள் இருந்தார்கள், இஞ்ஞாசியாரிடம் விதிகள் இருந்தன. இதிலிருந்து இயற்கை எதையும் புதிதாகச் சொல்வதில்லை என்று முடிவுகட்டுவது அவசரமாகிவிடும். கொண்டுபோனதை அது அசைத்துப் பார்க்கிறது என்ற அளவில் சொல்லலாம். லெ சோவின் வாழ்க்கை அதற்கு மேலும் ஏதோ நடக்கக்கூடும் என்று காட்டுகிறது. அவருக்கு நடந்ததைத் திருச்சபை இன்னும் எடைபோட்டு முடிக்கவில்லை.

யாருடைய அமைதி இது என்பதும் போதுமான அளவு கேட்கப்படாத கேள்வி. மேலே பெயர் சொன்னவர்கள் பெரும்பாலும் துறவிகள், போதகர்கள், எழுத்தாளர்கள். கட்டுமரம் தள்ளுகிறவருக்குக் கடலும், நாற்று நடுகிறவருக்கு வயலும் பணியிடம். ஒதுங்கிப் போவதற்கான இடமாக அவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய ஜெபத்தில் காற்றும் மழையும் வேறு பொருளில் வருகின்றன. அந்த ஜெபங்களை இந்த விவாதத்தின் சான்றுகளாக எடுத்தவர்கள் குறைவு.

புத்தகம் என்ற பழைய உருவகத்திலும் ஒரு சிக்கல் புதிதாக முளைத்திருக்கிறது. 2015இல் வந்த போப்பின் 'லவுதாதோ சி' சுற்றுமடல், அசிசி பிரான்சிஸின் துதிப்பாடலிலிருந்தே தன் பெயரை எடுத்து, உயிரினங்களின் அழிவு நாம் கேட்கக்கூடிய செய்திகளின் இழப்பும்தான் என்ற வகையில் பேசியது. மனிதர் கைபடாத நூல் என்று நம்பித்தான் பழையவர்கள் அதை வாசித்தார்கள். காவிரியில் எப்போது தண்ணீர் வரும் என்பதை இன்று மேட்டூர் அணையின் மதகுகளும் காவிரி மேலாண்மை ஆணையத்தின் உத்தரவும் முடிவுசெய்கின்றன. கோடையில் தண்ணீர்ப்பள்ளிக் கரையில் உட்காருகிறவருக்கு முன்னால் பெரும்பாலும் மணல்தான் விரிந்து கிடக்கிறது. அதை வாசிப்பதற்கு எவாக்ரியுஸின் படிமுறை போதுமா, பார்த்தின் எச்சரிக்கை போதுமா என்பதை இறையியலாளர்கள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.